ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (சனவரி 4, 1892 – சனவரி 30, 1960) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர், கணக்காய்வாளர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர் மற்றும் கிராமத் தொழில் இயக்கத்தின் முதன்மை அமைப்பாளர் ஆவார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இலண்டனில் கணக்காய்வும், ஐக்கிய அமெரிக்காவில் வணிக மேலாண்மையும் பொது நிதியியலும் பயின்ற இவர், அக்கல்வியை இந்தியக் கிராமங்களின் வறுமைக்கான காரணங்களைக் கண்டறியவும் அதனைப் போக்கவும் பயன்படுத்தினார். காந்தியப் பொருளியல் என்று இன்று அழைக்கப்படும் துறைக்கு முறையான வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் குடும்பமும்

குமரப்பா 1892 ஆம் ஆண்டு சனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எஸ். டி. கார்னீலியஸ் சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். ஒழுங்கும் காலந்தவறாமையும் தந்தையிடமிருந்தும், ஏழைகளிடத்துப் பரிவு தாயாரிடமிருந்தும் இவருக்கு வந்தன என்பர். தாயார் தம் பிள்ளைகளைக் கோழி வளர்க்கச் செய்து, அதில் கிடைக்கும் வருவாயை அறப்பணிகளுக்குக் கொடுக்கப் பழக்கினார். சம்பாதித்த பணத்திற்குக் கணக்கு வைப்பதும், அதனைப் பிறருக்காகச் செலவிடுவதும் இவ்வாறு சிறு வயதிலேயே இவருக்கு அறிமுகமாயின.

இக்குடும்பத்தில் பலர் பொதுவாழ்வில் புகழ் பெற்றனர். அண்ணன் ஜே. எம். குமரப்பா, பம்பாயில் 1936 இல் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிக் கல்லூரியின் இயக்குநராக விளங்கினார். இந்தியாவில் சமூகப்பணியை உயர்கல்வியாகக் கற்பித்த முதல் நிறுவனம் இதுவே. கிளிஃபர்டு மான்சார்ட் என்ற அமெரிக்கர் இதன் முதல் இயக்குநர்; அவருக்குப் பின் ஜே. எம். குமரப்பா அப்பொறுப்பை ஏற்றார். 1944 இல் இக்கல்லூரி டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இளைய சகோதரர் பரதன் குமரப்பா கிராமத் தொழில் இயக்கத்தில் பணியாற்றியதோடு, மகாத்மா காந்தி நூல் தொகுதிகளின் முதல் தலைமைப் பதிப்பாசிரியராகவும் இருந்து 1957 இல் மறைந்தார். ஒரு சகோதரர் சமூகப் பணியைப் பல்கலைக்கழக அளவிலான படிப்பாக வளர்த்தபோது, மற்றவர் அதே பணிக்கான பயிற்சியைக் கிராமத்துத் தொழிற்கூடங்களில் நடத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இலண்டன் கல்வியும் பம்பாய்த் தொழிலும்

சென்னையில் பள்ளி, கல்லூரிக் கல்வியை முடித்த கார்னீலியஸ், கணக்காய்வு பயில 1913 இல் இலண்டன் சென்றார். அங்கு ஒருங்கிணைந்த கணக்காய்வாளராகத் தகுதி பெற்றுச் சில காலம் இலண்டனிலேயே பணி புரிந்தார். தாயாரின் விருப்பத்திற்கிணங்க 1919 இல் நாடு திரும்பிப் பம்பாயில் கணக்காய்வுத் தொழிலில் ஈடுபட்டார். 1924 இல் கூட்டாளி ஒருவருடன் இணைந்து கார்னீலியஸ் அண்டு தாவர் என்ற கணக்காய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில் செழித்தது. மேற்கத்திய உடை, மேற்கத்தியப் பழக்கவழக்கங்கள், வசதியான வாழ்க்கை என்று இருந்த இவருக்கு அக்காலத்தில் அரசியலில் நாட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பிரித்தானிய ஆட்சி இந்தியாவிற்கு நன்மையே செய்கிறது என்ற கருத்தே அன்றைய படித்த வகுப்பினர் பலரிடமும் நிலவியது.

ஐக்கிய அமெரிக்காவில் உயர்கல்வி

1927 இல் ஐக்கிய அமெரிக்கா சென்ற இவர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1928 இல் வணிக மேலாண்மையில் அறிவியல் இளையர் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலில் முதுகலைப் படிப்பை மேற்கொண்டார்.

பொது நிதியியல் என்பது அரசின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றை ஆராயும் துறையாகும். அரசு யாரிடமிருந்து வரி பெறுகிறது, அதனை யாருக்காகச் செலவிடுகிறது, கடன் வாங்கினால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பன இதன் அடிப்படைக் கேள்விகள். பொது நிருவாகவியல் படிப்பின் இன்றியமையாத பகுதியாகவும் இது விளங்குகிறது. கொலம்பியாவில் இத்துறையின் பேராசிரியராக இருந்த எட்வின் செலிக்மன் வரிவிதிப்புக் கோட்பாட்டில் உலகப் புகழ் பெற்றவர். அண்ணல் அம்பேத்கரும் இவரிடம் பயின்றவரே. பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி குறித்த அம்பேத்கரின் ஆய்வு 1925 இல் நூலாக வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் செலிக்மன் ஆவார். இந்தியாவின் அரசு நிதியைக் கூர்ந்து ஆராய்ந்த இரு இந்தியர்கள் சில ஆண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியரிடம் பயின்றிருக்கின்றனர்.

படிக்கும் காலத்தில் கார்னீலியஸ் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமை குறித்துச் சொற்பொழிவு ஆற்றினார். அச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனைப் படித்த செலிக்மன், இந்தியா வறுமையுற்றதற்கான காரணங்களைப் பொது நிதியின் வழியே ஆராயுமாறு தம் மாணவரைத் தூண்டினார். இதுவே இவரது வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது.

ஆய்விற்காக இந்திய அரசின் வரவு செலவு அறிக்கைகளைத் தொடர்ந்து படித்தபோது, இதுவரை தாம் நம்பியதற்கு மாறான ஒரு படம் இவருக்குப் புலப்பட்டது. நிலவரி, உப்பு வரி போன்றவற்றின் சுமை பெரும்பாலும் ஏழைகள் மீது விழுந்தது. அவ்வாறு திரட்டிய பணத்தில் பெரும்பகுதி இராணுவம், கடன் வட்டி, உயர் அலுவலர்களின் ஊதியம், ஓய்வூதியம் ஆகியவற்றிற்குச் சென்றது. கல்வி, பொது நலவாழ்வு, வேளாண்மை ஆகியவற்றிற்கு எஞ்சியது சிறிதே. செலவின் ஒரு பகுதி நாட்டை விட்டே வெளியேறியது. வரியாகச் செலுத்திய பணம் ஏதேனும் ஒரு வடிவில் மக்களிடமே திரும்பி வரும் நாட்டில் உற்பத்தி வளரும். திரும்பி வராத நாட்டில் வறுமை வளரும் என்ற முடிவிற்கு இவர் வந்தார். கணக்காய்வாளர் ஒருவர் நிறுவனத்தின் ஏடுகளைச் சரிபார்ப்பது போலவே, ஒரு பேரரசின் ஏடுகளை இவர் சரிபார்த்தார் எனலாம்.

காந்தியடிகளுடன் சந்திப்பு

1929 இல் நாடு திரும்பிய இவர், தமது ஆய்வேட்டை நூலாக வெளியிட விரும்பினார். காந்தியடிகள் அதனைப் பார்ப்பது நல்லது என நண்பர்கள் கூறியதால், 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்தில் அவரைச் சந்தித்தார். மேற்கத்திய உடையில், கைத்தடியுடன் சென்ற இவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக் கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்பதை முதலில் அறியவில்லை. அறிந்ததும், உடையைப் பொருட்படுத்தாமல் தாமும் தரையில் அமர்ந்தார்.

ஆய்வேட்டைப் படித்த காந்தியடிகள் அதனை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். 1930 இல் அது பொது நிதியும் நமது வறுமையும் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. இதே காலத்தில் இவர் கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்து, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக் கொண்டார். கதர் உடுத்தத் தொடங்கினார். ஆயினும் இறுதிவரை கிறித்தவ நம்பிக்கையைக் கைவிடவில்லை. பம்பாய்த் தொழிலை விட்டு விலகிய இவர் திருமணம் செய்து கொள்ளவும் இல்லை.

மாத்தர் வட்ட ஆய்வு

குமரப்பாவிடம் காந்தியடிகள் ஒப்படைத்த முதல் பணி ஒரு கள ஆய்வு ஆகும். குசராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தர் வட்டத்தில் உழவர்களின் பொருளாதார நிலையை ஆராய வேண்டும் என்பது பணி. குமரப்பாவுக்குக் குசராத்தி மொழி தெரியாது. எனவே குசராத் வித்யாபீடத்தின் மாணவர்கள் இவருடன் சேர்ந்து பணியாற்றினர். அங்குப் பொருளியல் பேராசிரியராகவும் இவர் விளங்கினார்.

1929-30 இல் நடைபெற்ற இந்த ஆய்வில் 50க்கும் மேற்பட்ட கிராமங்கள் இடம் பெற்றன. ஒவ்வொரு கிராமத்திலும் குடும்பங்களின் நிலம், கால்நடை, விளைச்சல், பயிரிடும் செலவு, கடன், வரி ஆகியவை வினாப்பட்டியலின் உதவியுடன் பதிவு செய்யப்பட்டன. அக்காலத்தில் வருவாய்த் துறையின் நில அளவை ஆவணங்கள் விளைச்சலையும் வரியையும் பற்றிப் பேசின. உழவர் குடும்பத்தில் வரி செலுத்திய பின் என்ன எஞ்சுகிறது என்பதைப் பற்றிப் பேசவில்லை. குமரப்பாவின் ஆய்வு அந்த இடத்திலிருந்து தொடங்கியது. நிலவரி உழவரின் இலாபத்திலிருந்து அல்லாமல், அவர்கள் உயிர்வாழத் தேவையானவற்றிலிருந்தே செல்கிறது என்பதை இந்த ஆய்வு புள்ளிவிவரங்களுடன் காட்டியது. 1931 இல் இது நூலாக வெளிவந்தது. இந்தியாவில் நடந்த தொடக்ககாலக் கிராமப் பொருளாதாரக் கள ஆய்வுகளில் இது முக்கியமானதாகும்.

மாணவர்களைப் பொறுத்தவரை இதுவே ஒரு பாடத்திட்டமாகவும் அமைந்தது. கிராமத்தில் தங்கி, ஒரு குடும்பத்தின் வரவு செலவை அதன் உறுப்பினர்களிடமே கேட்டறிந்து எழுதும் முறை, பிற்காலத்தில் சமூகப்பணிக் கல்லூரிகளில் களப்பணி என்ற பெயரில் கட்டாயப் பாடமாயிற்று.

விடுதலைப் போராட்டமும் பொதுக்கடன் அறிக்கையும்

1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கிக் காந்தியடிகள் கைதானபின், யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அதில் எழுதிய கட்டுரைகளுக்காக இவர் சிறைத் தண்டனை பெற்று, 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி - இர்வின் ஒப்பந்தத்தை ஒட்டி விடுதலையானார்.

அதே ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரசு, பிரித்தானியாவிற்கும் இந்தியாவிற்கும் இடையிலான நிதிக் கடப்பாடுகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே. டி. ஷா, குமரப்பா ஆகியோர் அதன் உறுப்பினர்கள். விடுதலை பெறும் இந்தியா, பிரித்தானிய ஆட்சி வாங்கிய கடன்கள் அனைத்தையும் ஏற்க வேண்டுமா என்பது குழுவின் முன் இருந்த கேள்வி. போர்களுக்காகவும் பேரரசின் விரிவாக்கத்திற்காகவும் இந்தியாவின் பெயரில் எழுதப்பட்ட கடன்களை இந்திய மக்கள் சுமக்க வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டைக் குழு எடுத்தது. கொலம்பியாவில் மாணவராக இவர் கற்ற பொதுக்கடன் பாடம் இங்கு ஒரு நாட்டின் உரிமைக் கோரிக்கையாக வடிவெடுத்தது.

1932 இல் மீண்டும் கைதான குமரப்பா நாசிக் சிறையில் அடைக்கப்பட்டார்.

பீகார் நிலநடுக்க நிவாரணப் பணி

1934 சனவரி 15 அன்று பீகாரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவிற்கு நாடெங்கிலும் இருந்து நன்கொடைகள் வந்து குவிந்தன. அவற்றின் கணக்கைப் பேணும் பொறுப்பை குமரப்பா ஏற்றார்.

பல மாவட்டங்களில் சிதறிக் கிடந்த மையங்கள், பழக்கமில்லாத தொண்டர்கள், ஒவ்வொரு நாளும் வந்து சேரும் பணம், பொருள் ஆகியவற்றை ஒரே கணக்கு முறைக்குள் கொண்டு வருவது எளிதான செயலன்று. தொண்டர்களின் நாள் உணவுச் செலவுக்கு இவர் ஓர் உச்ச வரம்பு விதித்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பீகார் வந்தபோது அவர்களது செலவை நிவாரண நிதியில் எழுத இவர் மறுத்த நிகழ்ச்சி இவரது வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம் பெறுகிறது. காந்தியடிகள் அதனை ஏற்றுக் கொண்டார். பொதுப்பணத்தைக் கையாள்பவர், பணம் கொடுத்தவருக்கும் அதனைப் பெற வேண்டியவருக்கும் மட்டுமே கடமைப்பட்டவர் என்பது இவர் இறுதிவரை கடைப்பிடித்த விதியாகும்.

அனைத்திந்திய கிராமத் தொழில் சங்கம்

1934 திசம்பரில் வார்தாவில் அனைத்திந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளராகவும் அமைப்பாளராகவும் பொறுப்பேற்றார். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் சங்கத்தின் தலைமையகம் அமைந்தது. மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அது மகன்வாடி என அழைக்கப்பட்டது.

இச்சங்கத்தின் முதன்மையான பணிகள் பின்வருமாறு:

- செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கைக்குத்தல் அரிசி, திரிகையில் மாவு அரைத்தல், வெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சவர்க்காரம் செய்தல் முதலான தொழில்களின் கருவிகளை ஆராய்ந்து மேம்படுத்துதல்.
- கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல்.
- கிராம உத்யோக் பத்திரிகா என்ற மாத இதழை வெளியிடுதல்.
- கிராமத் தொழில்களைக் காட்சிப்படுத்தும் மகன் அருங்காட்சியகத்தை நடத்துதல். இது 1938 திசம்பரில் திறக்கப்பட்டது.

மகன்வாடியில் பயிற்சி பெற வந்த இளைஞர்கள் பொருளியலையும் கணக்கியலையும் கற்றதோடு, செக்கு ஓட்டுதல், காகிதக் கூழ் தயாரித்தல், கழிவறை துப்புரவு ஆகிய வேலைகளையும் தாமே செய்தனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் இங்கு உருவாக்கப்பட்டது. சங்கத்தின் நூல்கள் கைக்காகிதத்திலேயே அச்சிடப்பட்டன. கிராம இயக்கம் எதற்காக என்பதை விளக்கும் இவரது நூல் 1936 இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது.

எந்திரங்கள் அனைத்தையும் குமரப்பா எதிர்த்தார் என்ற கருத்து சரியானதன்று. மின்சாரம், இரும்பு, போக்குவரத்து போன்ற அடிப்படைத் தொழில்கள் பொதுவுடைமையாகப் பெரிய அளவில் நடைபெறலாம் என்பதை இவர் ஏற்றார். உணவு, உடை போன்ற நுகர்பொருள்களின் உற்பத்தி கிராமத்தினர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதே இவரது வாதம். உற்பத்தி ஓரிடத்தில் குவிந்தால் வருவாயும் அதிகாரமும் அங்கேயே குவியும் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டினார்.

மாகாண ஆய்வுகளும் தேசியத் திட்டக் குழுவும்

1937 இல் பல மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவியேற்றபின், மத்திய மாகாண அரசு தொழில் ஆய்வுக் குழு ஒன்றை குமரப்பா தலைமையில் அமைத்தது. இக்குழு 600க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து தன் அறிக்கையை அளித்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் பொருளாதார வளர்ச்சிக்கான திட்டம் ஒன்றையும் 1940 இல் இவர் வகுத்தார்.

1938 இல் சவகர்லால் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் குமரப்பா உறுப்பினரானார். பேரளவுத் தொழில்மயத்தை மையமாகக் கொண்ட அதன் போக்கு தமது கொள்கைக்கு ஏற்றதன்று எனக் கண்டு விரைவிலேயே விலகினார். திட்டமிடுதல் தலைநகரிலிருந்து கிராமத்தை நோக்கிச் செல்ல வேண்டுமா, கிராமத்திலிருந்து தலைநகரை நோக்கிச் செல்ல வேண்டுமா என்ற இந்தக் கருத்து வேறுபாடு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது.

சிறையில் எழுதிய நூல்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, இந்தியாவிலிருந்து பொருள்களைப் பெற்றுக் கொண்டு அதற்கு ஈடாகக் காகிதப் பணத்தையும் இலண்டனில் இருப்பு வைத்த பத்திரங்களையும் மட்டுமே பிரித்தானிய அரசு தருவதை குமரப்பா கடுமையாகச் சாடினார். பணவீக்கத்தின் சுமை ஏழைகளையே தாக்கும் என எச்சரித்தார். 1942 இன் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒட்டிக் கைதான இவர், ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையில் இவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் நடைமுறையையும் போதனைகளையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இதுவே இவரது தலைசிறந்த நூலாகக் கருதப்படுகிறது. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். கிராமத் தொழில் முனைவர் என்ற பட்டத்தையும் அவர் இவருக்கு வழங்கினார்.

இயற்கையில் காணப்படும் ஐந்து வகைப் பொருளாதாரங்களை குமரப்பா இந்நூலில் விளக்குகிறார்:

- ஒட்டுண்ணிப் பொருளாதாரம்: தனக்கு உணவாகும் உயிரையே அழிக்கும் புலியைப் போன்றது.
- கொள்ளைப் பொருளாதாரம்: தோப்பிற்கு எந்த உழைப்பையும் தராமல் மாங்கனியைத் தின்னும் குரங்கைப் போன்றது.
- முயற்சிப் பொருளாதாரம்: தன் கூட்டைத் தானே கட்டிக் கொள்ளும் பறவையைப் போன்றது.
- கூட்டுப் பொருளாதாரம்: கூட்டம் முழுமைக்கும் உழைக்கும் தேனீக்களைப் போன்றது.
- தொண்டுப் பொருளாதாரம்: கைம்மாறு கருதாமல் குஞ்சைப் பேணும் தாய்ப் பறவையைப் போன்றது.

நிலக்கரி, எண்ணெய் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களைச் சார்ந்த வாழ்வு நிலையற்றது; மண், நீர், கதிரொளி, உழைப்பு போன்று புதுப்பித்துக் கொள்ளும் வளங்களைச் சார்ந்த வாழ்வே நிலைத்தது என்பது நூலின் மையக் கருத்து. 1973 இல் வெளிவந்த சிறியதே அழகு என்ற புகழ்பெற்ற நூலில் இ. எஃப். சூமாக்கர், குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார். சூழலியல் என்ற துறை பரவலாக அறியப்படாத காலத்தில் எழுதப்பட்டமையால், பசுமைச் சிந்தனையின் முன்னோடிகளில் ஒருவராகவும் இவர் மதிக்கப்படுகிறார்.

பனைத்தொழிலும் மதுவிலக்கும்

கிராமத் தொழில் சங்கத்தின் பணிகளில் தமிழகத்துடன் நேரடித் தொடர்புடையது பனைவெல்லத் தொழில் ஆகும். கரும்பு நல்ல நீர்வளமுள்ள நிலத்தைக் கேட்கிறது; பனையோ தரிசிலும் வரப்பிலும் தானே வளர்கிறது. எனவே இனிப்பிற்குப் பனையைச் சார்ந்திருந்தால் கரும்பு நிலங்களைத் தானியங்களுக்கு விட்டுவிடலாம் என்பது குமரப்பாவின் கணக்கு.

இது மதுவிலக்குடனும் தொடர்புடைய செய்தியாகும். சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. 1948 அக்டோபருக்குள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதற்கும் விரிவாயிற்று. கள் இறக்குவதை நம்பியிருந்த பனையேறிகள் இதனால் வேலை இழந்தனர். பதநீரையும் பனைவெல்லத்தையும் அவர்களுக்கு மாற்றுத் தொழிலாக்கும் முயற்சியில் கிராமத் தொழில் இயக்கத்தினர் ஈடுபட்டனர். ஒரு தீங்கைச் சட்டத்தால் தடுக்கும்போது, அதனைச் சார்ந்து பிழைப்பவர்களுக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்பது இம்முயற்சியின் அடிப்படை.

இச்சிக்கல் முற்றுப் பெறவில்லை. சேலம் மாவட்டத்திலும் அன்றைய தென்னார்க்காட்டிலும் பரவிய கல்வராயன் மலைப்பகுதி, பிற்காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுதல் தொடர்பாகப் பலமுறை செய்திகளில் இடம் பெற்றது. 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட கரும்பு விளையும் வட்டாரம் இது. ஒரு வட்டாரத்தின் விளைபொருளால் வரும் வருவாயில் உழைப்பவரின் வீட்டிற்கு எவ்வளவு செல்கிறது என்று மாத்தர் வட்டத்தில் குமரப்பா எழுப்பிய கேள்வி இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும்.

நிலச் சீர்திருத்தக் குழு

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவிற்கு குமரப்பா தலைமை தாங்கினார். குமரப்பா குழு என்றே அறியப்படும் இது, 1949 இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் முதன்மைப் பரிந்துரைகள்:

- அரசுக்கும் உழுபவருக்கும் இடையிலுள்ள இடைத்தரகர் முறை முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும்.
- நிலம் உழுபவருக்கே உரியதாக வேண்டும். கைம்பெண்கள், சிறார், உடற்குறை உள்ளோர் தவிரப் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு விடுதல் கூடாது.
- தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஒரு நிலத்தைப் பயிரிட்டவருக்கு அதில் முழு உரிமை கிடைக்க வேண்டும்.
- ஒரு குடும்பத்தின் வாழ்விற்குப் போதுமான நில அளவைப் போன்று மூன்று மடங்கே உச்ச வரம்பாக இருக்க வேண்டும்.

இடைத்தரகர் ஒழிப்பு பல மாநிலங்களில் சட்டமாயிற்று. நில உச்ச வரம்பு, குத்தகை உரிமை ஆகியவற்றில் பரிந்துரைகளுக்கும் நடைமுறைக்கும் இடையே பெரும் இடைவெளி நீடித்தது. தாம் எதிர்பார்த்த கிராமப் பொருளாதாரத்தை விடுதலை பெற்ற இந்தியா தேர்ந்தெடுக்கவில்லை என்பதை குமரப்பா வெளிப்படையாகவே எழுதினார். இதனால் அதிகாரத்தில் இருந்த பழைய தோழர்கள் பலரிடமிருந்து இவர் விலகி நிற்க நேர்ந்தது. 1951 இல் சீனாவிற்கும், 1952 இல் சோவியத் ஒன்றியத்திற்கும் சென்று அங்குள்ள வேளாண்மை மாற்றங்களைப் பார்வையிட்டார். அதனால் இவரைப் பொதுவுடைமையாளர் எனச் சிலர் குறை கூறினர்.

நிருவாகப் பயிற்சி குறித்த கருத்து வேறுபாடு

குமரப்பா பயின்ற சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் கல்லூரி, 1924 இல் தொடங்கப்பட்ட முன்னோடிப் பொது நிருவாகக் கல்லூரி ஆகும். அதன் தலைவராக இருந்த பால் ஆப்பிள்பி, இந்திய அரசின் அழைப்பில் நம் நாட்டு நிருவாகத்தை ஆராய்ந்து 1953 இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1954 இல் புதுதில்லியில் இந்தியப் பொது நிருவாக நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் பொது நிருவாகவியல் தனித்துறையாக வளர இது பெரிதும் உதவியது.

ஒரே பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய இருவர் இந்திய நிருவாகத்தை இரு வேறு முனைகளிலிருந்து நோக்கியுள்ளனர். ஆப்பிள்பி அரசு எந்திரத்தின் திறனை உயர்த்தும் வழியைக் கூறினார். குமரப்பாவோ அந்த எந்திரம் யாருக்காக இயங்குகிறது என்பதை முதலில் கேட்டார். அலுவலர்களின் ஊதியம் அவர்கள் தொண்டாற்றும் மக்களின் வருவாயிலிருந்து வெகுதொலைவு விலகிச் செல்லக் கூடாது என்றும், கிராமத்தில் வாழாதவர் கிராமத்திற்குத் திட்டம் தீட்டக் கூடாது என்றும் இவர் கருதினார். இக்கருத்துகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்ற விமர்சனமும் உண்டு. பெருகும் நகரங்களையும், கிராமத்தில் வேரூன்றிய சாதி ஏற்றத்தாழ்வையும் குமரப்பாவின் கிராமப் பொருளியல் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பர். குறிப்பாக, கிராமத்தை ஒடுக்குமுறையின் களமாகக் கண்ட அம்பேத்கரின் பார்வை இவரது பார்வைக்கு நேர் எதிரானது. இருவரும் செலிக்மனின் மாணவர்கள் என்பதால் இந்த வேறுபாடு ஆய்வாளர்களின் கவனத்திற்கு உரியது.

கல்லுப்பட்டியில் இறுதிக் காலம்

உடல்நலம் குன்றிய நிலையில் குமரப்பா 1950களின் நடுப்பகுதியில் தமிழகம் திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். இந்த ஆசிரமம் 1940 இல் கோ. வேங்கடாசலபதியால் நிறுவப்பட்டது. இரத்த அழுத்த நோய் வருத்தியபோதும் இவர் எழுதுவதையும், தம்மைக் காண வரும் இளைஞர்களுடன் உரையாடுவதையும் நிறுத்தவில்லை. 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், தமது 68 ஆம் அகவையில் காலமானார்.

நினைவுகள்

இராசத்தானின் செய்ப்பூரில் கிராம சுயராச்சியம் குறித்து ஆராயும் நிறுவனம் ஒன்று குமரப்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. வார்தாவின் மகன் அருங்காட்சியகம் இவரது பணிகளை நினைவூட்டுகிறது. இவருடைய நூல்கள் ஆங்கிலத்திலேயே பெரிதும் எழுதப்பட்டவை. அவற்றுள் சில தமிழிலும் வெளிவந்துள்ளன. பொது நிதியியல், ஊரக வளர்ச்சி, சூழலியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்கள் இவரது நூல்களை இன்றும் படித்து வருகின்றனர்.